ஏழாம் வரிசைத் தக்காளி

லிம் சூ காங், சிங்கப்பூர்
14.1.2024, ஞாயிறு

அன்புத் தங்கை உமாவுக்கு,

அண்ணன் அங்கமுத்து எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கு விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? விடுமுறைக்கு அறந்தாங்கி போயிருந்தாயே, அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

போனில் “நல்லாயிருக்கேன்” என்று ஒரே சொல்லில் தப்பித்துவிடுகிறேன், அதனால் மாதம் ஒரு கடிதமாவது எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு நான் இவ்வளவு எழுதியதே இல்லை. பிழை இருந்தால் சிரிக்காதே.

என் வேலையை உனக்கு விவரமாகச் சொன்னதில்லை. இந்தப் பண்ணையில் தக்காளி கண்ணாடிக் கூடத்துக்குள் வளர்கிறது. மண் கிடையாது. தேங்காய் நார்ப் பையில் செடி, மெல்லிய குழாயில் சத்து நீர். உள்ளே காற்றும் வீசாது, தேனீயும் வராது. பூவை யாராவது அதிர வைத்தால்தான் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். அந்த யாராவது நாங்கள் ஆறு பேர். பேட்டரியில் ஓடும் பல் பிரஷ் போல ஒரு கோல் இருக்கிறது. உறுமிக்கொண்டே இருப்பதால் அதற்கு நாங்கள் வண்டு என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒவ்வொரு பூங்கொத்தின் காம்பிலும் வண்டை வைத்து எடுக்க வேண்டும். ஏழு வருடமாக இதுதான் என் வேலை.

அடுத்த மாதம் ஒரு புது முறையைச் சோதிக்கப் போகிறார்கள். இனியா என்று ஓர் ஆராய்ச்சி அதிகாரி வந்திருக்கிறார். இந்த ஊரிலேயே பிறந்த தமிழ்ப் பெண், பொங்கோலில் வீடு. உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பூவில் ஏதோ ஹார்மோன் மருந்து தெளித்தால் மகரந்தமே இல்லாமல் காய்க்குமாம், பழத்தில் விதையும் இருக்காதாம். அது எப்படி முடியும் என்று எனக்குப் புரியவில்லை. உன் படிப்பில் இதெல்லாம் வருமா?

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்
அங்கமுத்து


கோயம்புத்தூர்
2.2.2024

அன்புள்ள அண்ணா,

உமா. நலமாக இருக்கிறேன். அம்மாவும் நலம், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் கோபித்துக்கொள்கிறது. உன் கடிதத்தை அறைத் தோழிகள் எல்லோருக்கும் காட்டினேன். பிழை இரண்டே இரண்டு.

என் படிப்பில் வருமாவா? இந்தப் பருவத்துக் கருத்தரங்குக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தேன் அண்ணா, நீயே கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டாய்!

எளிதாகச் சொல்கிறேன். பூவின் அடியில் சூற்பை இருக்கிறது இல்லையா, அதுதான் பிற்பாடு பழமாகிறது. அதற்கு எப்போதுமே வளரத் தெரியும். ஆனால் ஒரு புரதம் அதை வளரவிடாமல் பிரேக் போட்டு வைத்திருக்கிறது. விதை உண்டாகாத இடத்தில் பழத்தை வளர்த்துச் செடிக்கு என்ன லாபம்? மகரந்தம் விழுந்து உள்ளே விதை பிடித்ததும் ஆக்சின் என்ற ஹார்மோன் ஊறும். அது வந்தால் பிரேக் போட்ட புரதம் சிதைந்துபோகும். ஆக்சின் தன் பின்னாலேயே ஜிப்ரலின் என்ற இன்னொன்றையும் கூட்டி வரும். இரண்டும் சேர்ந்து திசுக்களைப் பெருக்கிப் பெரிதாக்கும். காய் பிடித்துவிடும்.

அந்தப் பெண் தெளிக்கச் சொல்வது ஆக்சின் மாதிரி வேலை செய்கிற மருந்தாக இருக்கும். விதை வந்துவிட்டது என்று பூவை நம்ப வைக்கிறது, அவ்வளவுதான். பிறவியிலேயே பிரேக் பழுதான தக்காளி ரகங்களும் உண்டு. அவற்றுக்கு மருந்தும் வேண்டாம், வண்டும் வேண்டாம்.

பத்துப் பூவுக்கு எத்தனை காய் பிடிக்கிறது என்று எனக்கு எண்ணி எழுது அண்ணா. மருந்து வரிசை தனி, வண்டு வரிசை தனி. மறக்காதே!

ஆவலோடு காத்திருக்கும்
உமா


லிம் சூ காங்
3.3.2024, ஞாயிறு

அன்புத் தங்கைக்கு,

சுகமாக இருக்கிறேன். இங்கே வெயில் கூடிவிட்டது. கூடத்துக்குள் மதியம் நின்றால் சட்டையைப் பிழியலாம். நீ தண்ணீர் நிறையக் குடி.

நீ எழுதியதை மூன்று முறை படித்த பிறகு புரிந்தது. சோதனைக்கு ஏழாம் வரிசையை ஒதுக்கினார்கள், மருந்து கலந்து தெளிக்கும் வேலை எனக்கு. கை நடுங்காதவன் என்று மேற்பார்வையாளர் ரகுபதி சொன்னாராம். இனியா ஒரு தாளில் அளவு எழுதிக் கொடுத்து, பக்கத்தில் நின்று காட்டினார்.

“அண்ணே, ஒரு கொத்துக்கு ஒன் டைம் தான், ஓகே? அடிச்ச உடனே டேப் கட்டிடுங்க. மறந்துபோய் செகண்ட் டைம் அடிச்சிடக் கூடாது. இலை மேல, நுனி மேல படவே கூடாது.”

பூவைப் பார்த்து அடிக்கிறேன். மூன்று வாரமாகிறது. நீ கேட்ட கணக்கு: மருந்து வரிசையில் பத்துக்கு எட்டு. வண்டு வரிசையில் பத்துக்கு ஐந்து. பிஞ்சுகள் எல்லாம் எலுமிச்சை அளவு வந்துவிட்டன.

என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் படுக்கும் தங்கராஜு, “இது நல்லா வந்துச்சுன்னா ஆறு பேரு வேலைய ரெண்டு பேரு பாத்துருவாங்கடா” என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அதை விடு. உன் கருத்தரங்கு எப்போது?

அன்புடன்
அண்ணன்


கோயம்புத்தூர்
20.3.2024

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். நீ மருந்து தெளிக்கும்போது முகக்கவசம் போடுகிறாயா? கட்டாயம் போடு.

உன் எண்களைப் பார்த்துத் துள்ளிக் குதித்தேன். வண்டு வரிசையில் ஐந்துதான் என்பதற்குக் காரணம் வெயில். சூடு அதிகமானால் மகரந்தம் செத்துவிடும். செத்த மகரந்தத்தை எவ்வளவு அதிர வைத்தாலும் பயனில்லை. ஹார்மோன் தெளித்த பூவுக்கு மகரந்தமே தேவையில்லை, அதனால் எட்டு. எங்கள் பேராசிரியர் ஷபானா மேடத்திடம் காட்டினேன். “நேரடியா களத்திலிருந்து வந்த டேட்டா, விடாதே” என்றார்.

கருத்தரங்கு மே முதல் வாரம். அதற்குள் பழமாகிவிடும் அல்லவா? பழுத்ததும் நறுக்கிப் பார்த்து உள்ளே எப்படி இருக்கிறது என்று எழுது. நிறம், சதை, எடை எல்லாம் வேண்டும்.

இப்படிக்கு
உன் உமா


லிம் சூ காங்
28.4.2024, ஞாயிறு

உமாவுக்கு,

நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் தெளித்த கொத்துகளின் பழங்கள் நன்றாக இருக்கின்றன. சதைப்பற்று அதிகம், விதை இல்லை. ஆனால் மார்ச் நடுவுக்குப் பிறகு தெளித்தவை சரியில்லை. பழத்தின் அடி எலுமிச்சை நுனி மாதிரி கூராக நீண்டிருக்கிறது. நறுக்கினால் உள்ளே வெற்றிடம், பந்து போல. செடியின் நுனி இலைகள் சுருண்டு மெலிந்து நூலாகிவிட்டன. எடை கால்வாசி குறைவு.

இப்படி ஆன பழத்தைப் பார்த்தே காரணம் சொல்லிவிட முடியுமா? அதை மட்டும் எழுது.

அண்ணன்


கோயம்புத்தூர்
14.5.2024

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் இந்த முறை சின்னதாக இருந்தது. வேலை அதிகமோ?

கருத்தரங்கு மிக நன்றாக நடந்தது! நீ அனுப்பிய எல்லாவற்றையும் திரையில் போட்டேன், கடைசிக் கடிதத்தில் எழுதியதையும் சேர்த்து. நீ கேட்டதற்குப் பதில்: சொல்லிவிட முடியும். கூர் அடி, உள்ளே பொள்ளல், நூல் இலை, மூன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். அளவுக்கு மீறி ஹார்மோன் பட்டிருக்கிறது. ஒன்று கலவை பல மடங்கு கூடியிருக்க வேண்டும், அல்லது அடித்த கொத்திலேயே திரும்ப அடித்திருக்க வேண்டும். வெளிச்சதை அவசரமாக வளர்ந்து உட்சதை பின்தங்கிவிடுகிறது, அதனால்தான் நடுவில் வெற்றிடம்.

நீ கவனமானவன் என்று எனக்குத் தெரியும், ஆகவே தாளில் எழுதிக் கொடுத்த அளவே தப்பாகத்தான் இருக்க வேண்டும். “அந்த அதிகாரிக்குக் கணக்கு வரவில்லை” என்று வகுப்பில் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். முறை மேல் பழி விழக் கூடாது அண்ணா. அந்தப் பெண்ணின் தவறு என்று நீயே மேலிடத்தில் எடுத்துச் சொல்.

உன் வெற்றிகரமான தங்கை
உமா


கோயம்புத்தூர்
30.6.2024

அன்புள்ள அண்ணா,

உடம்பு சரியாக இருக்கிறதா? ஒன்றரை மாதமாகக் கடிதம் இல்லை. போனில் கேட்டால் மறுபடி “நல்லாயிருக்கேன்”தான். அம்மா, “அவன் குரல் வேற மாதிரி இருக்கு” என்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

எண் எதுவும் வேண்டாம். உன்னைப் பற்றி எழுது.

உமா


தேக்கா, சிங்கப்பூர்
14.7.2024, ஞாயிறு

அன்புத் தங்கை உமாவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அம்மாவிடம் அப்படியே சொல்.

சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து மேசையில் கப்பல் பட்டறைப் பையன்கள் வீட்டுக்கு வீடியோவில் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். என் டீ ஆறிவிட்டது.

அந்தப் பெண் எழுதிய அளவு சரி. நான்தான் கூட்டிக் கலந்தேன்.

மார்ச் மாதம் ரகுபதி எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டார். “நான் ஸ்ட்ரெய்ட்டா சொல்லிடறேன் லா. இந்த ட்ரையல் சக்ஸஸ் ஆச்சுன்னா ரெண்டு பேரு போதும். மத்தவங்களுக்கு பெர்மிட் முடிஞ்சா ரினியூ கிடையாது. நாளைக்கு வந்து என்னைத் திட்டாதீங்க.” நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தங்கராஜு மட்டும் என்னிடம், “மருந்து உன் கைலதானே இருக்கு” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

மறுநாள் காலை ஒரு மூடி ஊற்ற வேண்டிய இடத்தில் நான்கு மூடி ஊற்றினேன். டேப் கட்டிய கொத்துகளிலும் திரும்ப அடித்தேன். நுனி மேலும் அடித்தேன். மூன்று வாரம் இப்படிச் செய்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. கை நடுங்கவும் இல்லை.

உன் படிப்புச் செலவுக்காகச் செய்தேன் என்று எழுதலாம். எழுத மாட்டேன். பயந்துபோய்ச் செய்தேன்.

ஏப்ரலில் உன்னிடம் காரணம் கேட்டது தெரியாமல் அல்ல. கண்டுபிடித்துவிடுவார்களா என்று தெரிந்துகொள்ளக் கேட்டேன். நீ அப்படியே பிட்டுப் பிட்டு வைத்துவிட்டு, கடைசியில் பழியை அந்தப் பெண் மேல் போட்டிருந்தாய். அந்தக் கடிதம் வந்த பத்தாம் நாள் முதலாளி வந்தார். ஏழாம் வரிசைப் பழங்களை மேசையில் நறுக்கிப் பரப்பி வைத்தார்கள். எல்லாம் பொள்ளல். அவரும் உன்னை மாதிரியே சொன்னார், டோஸ் தப்பு என்று. இனியா எல்லோர் முன்னாலும் நின்றுகொண்டிருந்தார். என் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, நான் எழுதிக் குடுத்த அளவுதானே கலந்தீங்க?”

“ஆமாம்மா.”

உடனே நம்பிவிட்டார். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. தன் கணக்கில்தான் பிழை என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகஸ்ட் கடைசியோடு அவர் வேலை முடிகிறது. ஆனாலும் தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏழாம் வரிசையில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, நோட்டில் அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார். எங்கே தப்பு நடந்தது என்று தேடுகிறார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் வண்டை வைத்துக்கொண்டு நடக்கிறேன்.

நாளைக் காலை சொல்லிவிடப் போகிறேன். அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடுகிறேன். போட்டுவிட்டால் பின்வாங்க முடியாது.

உன்னையும் வகுப்பில் பொய் சொல்ல வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள் என்று கேட்க வாய் வரவில்லை.

அங்கமுத்து


கோயம்புத்தூர்
2.8.2024

அண்ணா,

எல்லோரும் சுகம். நீ சாப்பிடுகிறாயா?

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் உன் மேல் பயங்கரக் கோபம். எழுதியிருந்தால் அசிங்கமாக எழுதியிருப்பேன், அதனால் எழுதவில்லை.

மூன்றாம் நாள் ஷபானா மேடத்திடம் போனேன். “மேம், ஏழாம் வரிசைப் புள்ளிவிவரத்துக்கு நான் சொன்ன காரணம் தப்பு.”

“யார் சொன்னாங்க?”

“செஞ்சவரே சொன்னார். எங்க அண்ணன்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார். பிறகு, “அந்தப் பொண்ணைப் பத்தி எந்த கிளாஸ்ல சொன்னியோ அதே கிளாஸ்ல இதையும் சொல்லிடு” என்றார்.

நேற்றுச் சொன்னேன். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். “அந்த அதிகாரியின் கணக்கு சரி. மருந்தைக் கூட்டிக் கலந்தது என் அண்ணன். ஆறு பேரில் நான்கு பேருக்கு வேலை போய்விடும் என்ற பயத்தில் கலந்தார்” என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு யாரும் ஹார்மோனைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த ஆறு பேருக்கு என்ன ஆயிற்று என்றுதான் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை.

இப்போது என் மேல்தான் எனக்குக் கோபம். மார்ச்சிலேயே நீ எழுதியிருந்தாய், ஆறு பேர் வேலையை இரண்டு பேர் பார்த்துவிடுவார்கள் என்று. “அதை விடு” என்றாய். நானும் விட்டுவிட்டேன். உன் எட்டும் ஐந்தும்தான் என் கண்ணில் பட்டன.

சொல்லிவிட்டாயா? என்ன நடந்தாலும் எழுது. உடனே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உள்ளதை எழுது.

உன்
உமா


லிம் சூ காங்
13.10.2024, ஞாயிறு

அன்புத் தங்கை உமாவுக்கு,

நலமாக இருக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே ஊர் வந்து சேர்ந்துவிடுவேன். இருந்தாலும் எழுதுகிறேன். நேரில் உட்கார்ந்து இதைச் சொல்ல எனக்கு வராது.

அந்தத் திங்கட்கிழமை வேலை தொடங்கும் முன்பே இனியாவிடமும் ரகுபதியிடமும் சொன்னேன். இனியா கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். ரகுபதிதான், “ஏன் அங்கமுத்து? செவன் இயர்ஸ் உன்னைப் பாத்திருக்கேன். இப்ப நான் மேல சொல்லித்தான் ஆகணும் லா” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இனியா நோட்டோடு திரும்பி வந்தார்.

“எவ்ளோ ஊத்தினீங்க? எக்ஸாக்டா சொல்லுங்க. எந்தெந்த டேட்?”

ஞாபகம் இருந்தவரைக்கும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

என்னை அன்றே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. அக்டோபரில் பெர்மிட் முடிகிறது, அதற்கு மேல் கிடையாது என்றார்கள். இனியாவுக்கு டிசம்பர் வரை நீட்டித்து, சோதனையை மறுபடி நடத்தச் சொன்னார்கள். மருந்து தெளிக்க அவர் என்னையே கேட்டார். மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “வேற ஆள் அடிச்சா கை மாறிடும் அண்ணே, கம்பேர் பண்ண முடியாது” என்றார். இந்த முறை மூடியை அவரே பிடித்து ஊற்றினார். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு அது சரியென்றே பட்டது.

பத்துக்கு எட்டு, சில கொத்தில் ஒன்பது. பழம் உருண்டு, உள்ளே கெட்டிச் சதை. வண்டு வரிசையில் வெயிலுக்குப் பூ கொட்டி நாலுதான் பிடித்தது. முறை நல்ல முறை உமா. ஆறு பேரில் இரண்டு பேர் போதும் என்பதும் உண்மை.

போன மாதக் கடைசியில் ரகுபதி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மருந்தடிக்க யார் கை நிதானமான கை என்று கேட்டார். தங்கராஜு என்றேன். இரண்டு பேரில் ஒருவனாக அவனை வைத்துக்கொண்டார்கள். நான் சொன்னது அவனுக்குத் தெரியாது, நீயும் யாரிடமும் சொல்லாதே. நான் உண்மையைச் சொன்ன நாளிலிருந்து அவன் என்னிடம் பேசுவதில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எங்கள் ஆறு பேரில் அன்வருக்கும் மற்ற இருவருக்கும் வேலை இருந்திருக்கும். அவன் நினைப்பதில் தப்பு சொல்ல என்னால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். வண்டைத் துடைத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தேன். இனியா வந்தார்.

“அண்ணே, ரிப்போர்ட்ல ஒர்க் பண்ணவங்க நேம் போடறேன். உங்க பேரை இங்கிலீஷ்ல எப்படி எழுதுவீங்க? ஒரு டீயா, ரெண்டு டீ போடுவீங்களா?”

“எதுக்கும்மா என் பேரு?”

“நீங்கதானே அடிச்சீங்க? ரெண்டு ட்ரையலும்.”

என் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். அதைப் பார்த்து எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டார். ஓசூர்ப் பக்கம் இதுபோல் கூடங்கள் நிறைய வந்திருக்கின்றனவாம், வேலை கேட்கும்போது அறிக்கையைக் காட்டச் சொன்னார், உன் மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி அனுப்புவார். அதில் இரண்டு சோதனையும் இருக்கும். முதல் சோதனையில் நடந்ததும் இருக்கும். காட்டத்தான் போகிறேன்.

இன்று காலை பெட்டி கட்டினேன். தங்கராஜு மேல் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பெட்டியை மூட முடியாமல் முழங்காலால் அழுத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று இறங்கி வந்தான். தன் அலமாரியிலிருந்து தொங்குதராசை எடுத்துப் பெட்டியை மாட்டித் தூக்கிப் பார்த்தான்.

“முப்பத்திரண்டு கிலோ இருக்கு. முப்பதுக்கு மேல பிளேன்ல ஏத்த மாட்டான்” என்றான். “அந்தப் போர்வைய எடு. நான் வெச்சுக்கறேன்.”

மூன்று மாதத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. பெட்டியைத் திறந்து போர்வையை எடுத்துக் கொடுத்தேன். மடிப்புக் கலையாமல் வாங்கி, தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மறுபடி ஏறிப் படுத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திருச்சியில் இறங்குகிறேன்.

உன் அண்ணன்
அங்கமுத்து